விளம்பரம் வந்தது, விண்ணப்பம் போகவில்லை!

(மாவட்டக் கல்வி வழிகாட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



மேடையில் இதை நான் பேசியபோது எதிரே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய கவனம் பின்னால் தேக்சா இறங்கும் சத்தத்தில்தான் இருந்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தைக் கையில் எடுத்திருக்கும் நீங்கள் அப்படியல்ல. தனியாக உட்கார்ந்து படிக்கிறீர்கள். ஆகவே அங்கே சொன்னதை இன்னும் கொஞ்சம் மனம் திறந்து உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ எம்.எஸ்ஸி. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று ஏதாவது ஒன்று படித்த பிள்ளை இருக்கிறதா? இருக்கும். பெரும்பாலும் அது பெண் பிள்ளையாக இருக்கும். ஆண் பிள்ளைகள் ஒன்று பொறியியலுக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் பாதியிலேயே பாஸ்போர்ட் எடுத்து சபுருக்குப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளை மட்டும் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஐந்து வருடம் ஒழுங்காகப் படித்து முதல் வகுப்பில் தேறி, மதிப்பெண் பட்டியலை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படிப்புக்கு வேலையே கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேலை இருக்கிறது! வாரந்தோறும் விளம்பரம் வருகிறது. நம் பிள்ளைகளின் விண்ணப்பம்தான் போவதில்லை. ஏன் போவதில்லை என்று கேட்டால், அந்தக் குற்றத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பாய் கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். கடைத்தெருவில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவர். மகள் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல். வெளி மாநிலத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது.

"ஹஜ்ரத், ஆறு மாசத்துக்குன்னு போட்டிருக்கு. அனுப்பட்டுமா, வேணாமா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வரிதான். பணி முற்றிலும் தற்காலிகமானது, எப்போது வேண்டுமானாலும் முடிவுக்கு வரலாம் என்ற வரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆறு மாச வேலைக்கு வயசுப் பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பணுமா பாய்? நல்ல இடம் வந்தா முடிச்சிடுங்க" என்றேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளை போகவில்லை.

என் அக்கா மகன் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறான். சென்ற ரமளான் விடுமுறைக்கு வந்தவனிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, அந்த வரி எல்லா விளம்பரத்துலயும் இருக்கும். நான் சேர்ந்த வேலையிலயும் அதுதான் இருந்துச்சு. ஆறு மாசம், ஆறு மாசமா நீட்டிப்பாங்க. திட்டம் மூணு வருஷம் ஓடும். அந்த மூணு வருஷத்துலதான் பி.எச்டி.க்கு வழி பிறக்கும்" என்றான்.

நான் மதரஸாவில் ஓதியவன். அறிவியல் படித்தவன் அல்ல. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லி ஒரு பிள்ளையின் வாசலை அடைத்துவிட்டேன். மார்க்க விஷயத்தில் தெரியாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவன், இந்த விஷயத்தில் ஒரு நிமிடத்தில் தீர்ப்பு சொன்னேன். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த வேலை எப்படிப் பிறக்கிறது? அதைப் புரிந்துகொண்டால் விளம்பரத்தின் மொழியும் புரிந்துவிடும். ஒரு பல்கலைக்கழகத்தில் அல்லது ஆய்வு நிறுவனத்தில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். காசநோய்க் கிருமி மருந்துக்கு ஏன் மசியவில்லை என்று ஆராய வேண்டும் என்கிறார். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கோ திட்டம் எழுதிப் போடுகிறார். பெரும்பாலும் மூன்று வருடத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பணத்தில் கருவிக்கு இவ்வளவு, இரசாயனத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிவு உண்டு. அந்த ஆளுக்கான பணத்தில்தான் ஓர் இளநிலை ஆய்வாளர், ஒரு திட்ட உதவியாளர், சில நேரம் இரத்த மாதிரி எடுக்கவும் கிராமத்துக்குப் போய் விவரம் சேகரிக்கவும் ஒரு களப்பணியாளர் என்று ஆள் எடுக்கிறார்கள். திட்டம் முடிந்தால் பணமும் முடியும். அதனால்தான் 'தற்காலிகம்' என்று எழுதுகிறார்கள். அரசாங்கம் நாளைக்கு நீதிமன்றத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிவைக்கும் வரி அது. அதைப் படித்து நாம் பயந்து வீட்டில் உட்கார்ந்துகொள்கிறோம்! துபாய்க்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறானே உங்கள் மகன், அது மட்டும் நிரந்தர வேலையா?

இந்த விளம்பரம் நாளிதழில் வருவது அபூர்வம். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில் வரும். இரண்டு வாரம், மூன்று வாரம் இருக்கும். சில நேரம் நேரடி நேர்முகத் தேர்வு என்று தேதி மட்டும் போடுவார்கள். பயணப்படி கிடையாது என்று கீழே எழுதியிருக்கும். பயோடேட்டாவையும் சான்றிதழ்களையும் ஒரே கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள். அவ்வளவுதான். சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. இப்படி ஓர் இடம் இருப்பது பெரும்பாலும் யாருக்குத் தெரிகிறது? ஏற்கெனவே அந்த ஆய்வகத்தில் இருப்பவனின் நண்பனுக்குத் தெரிகிறது. அவன் தன் தம்பிக்குச் சொல்கிறான். நம் வீட்டில் அங்கே யாரும் இல்லாததால் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. நம்மைத் திட்டமிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்லிப் பழகிவிட்டோம். ஒதுக்குகிற இடங்களும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் விண்ணப்பமே போடாதவனை யார் ஒதுக்க முடியும்?

இப்போது பணத்துக்கு வருவோம். ஆராய்ச்சிப் படிப்பு என்றாலே 'இன்னும் எத்தனை வருஷம் ஃபீஸ் கட்டுறது?' என்றுதான் அத்தாமார்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது நாம் பணம் கட்டும் படிப்பு மட்டுமல்ல, நமக்குப் பணம் தரும் படிப்பு! 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று பி.எச்டி.யில் சேர்ந்துவிட்டால், 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். பிறகு முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டால் அடுத்த மூன்று வருடம் மாதம் 42,000 ரூபாய். வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்கு போட்டுப் பழகிய கை அல்லவா, கூட்டிப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் மொத்தம் 24 லட்சம் ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. நெட் தேர்ச்சி இல்லாமல் திட்டப்பணியில் சேருகிறவர்களுக்கு இதைவிடக் குறையும். குறைந்தாலும், தனியார் பள்ளியில் எம்.எஸ்ஸி. படித்த பிள்ளைக்குக் கொடுக்கும் சம்பளம் உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நெட் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயிர் அறிவியலுக்கான நெட் தேர்வு சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி. இரண்டும் சேர்ந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் என்று பெயர். தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2024 ஜூனில் நடக்க வேண்டியது கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு ஜூலையில் நடந்தது. மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதி பொதுத் திறன். இருபது கேள்வியில் பதினைந்துக்கு விடை எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் ஐம்பதில் முப்பத்தைந்து. மூன்றாம் பகுதியில் எழுபத்தைந்து கேள்வி, அதில் இருபத்தைந்து எழுதினால் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பார்கள். எம்.எஸ்ஸி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். முடித்துவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்து பிறகு எழுதினால், படித்ததும் மறக்கும், ஜே.ஆர்.எஃப்.புக்கான வயது வரம்பும் நெருங்கும். பெண்களுக்கு வயதில் சலுகை உண்டு. 'கேட்' என்ற தேர்விலும் உயிர் அறிவியல் தாள் இருக்கிறது, அதையும் எழுதலாம்.

இந்தத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது. தமிழில் இல்லை! இந்தி பேசும் மாநிலத்துப் பிள்ளைக்குத் தாய்மொழியில் கேள்வி, நம் பிள்ளைக்கு மட்டும் இல்லையா? இதை முஸ்லிம் பிரச்சினை என்று சுருக்காமல் தமிழ் பேசும் அத்தனை பேருடைய கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும். எழுப்பிக்கொண்டே இருப்போம். அதுவரை பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும். வேறு வழி இல்லை.

ஒதுக்குகிற இடத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சச்சார் குழு 2006-ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்த பிறகு, 2009-ஆம் ஆண்டில் மௌலானா ஆசாத் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று வந்தது. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பவுத்தர்கள், பார்சிகள், பிறகு ஜைனர்கள் என்று சிறுபான்மையினர் எல்லோருக்குமானது. அதனால் பி.எச்டி. முடித்தவர்கள் நம் கல்லூரிகளில் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில், 2022-23 முதல் அந்தத் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று அமைச்சர் அறிவித்தார். வேறு உதவித்தொகைகளோடு ஒத்துப்போகிறதாம், அதனால் தேவையில்லையாம்! ஒருவர் இரண்டு உதவித்தொகை வாங்குகிறார் என்றால் ஒன்றை மறுக்கலாம். அதற்காகத் திட்டத்தையே மூடுவது என்ன நியாயம்? ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்குத் தொடரும் என்றார்கள். அவர்களுக்கும் மாதக்கணக்கில் பணம் வராமல் 2025-ல்கூடப் போராட வேண்டியிருந்தது. இதைக் கண்டித்து நாம் தீர்மானம் போட்டோம், மனுக் கொடுத்தோம். சரி. ஆனால் அந்தக் கதவு மூடியதால், நெட் என்ற கதவும் திட்டப்பணி என்ற கதவும் முன்பைவிட இன்றியமையாதவை ஆகிவிட்டன என்பதை யோசித்தோமா?

இன்னொரு விஷயம். இந்த நிறுவனங்கள் எங்கோ வடக்கே இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். பரங்கிப்பேட்டைக்காரர்களே, உங்கள் ஊரில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அதைத் தேடி வந்து படித்திருக்கிறார்கள். நாம் அந்த வாசலைத் தாண்டிக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சகோதரர்களே, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, 1971 வரை அதன் தலைமையகமே அங்கேதான் இருந்தது. பிறகுதான் கொச்சிக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுகிறவர்களுக்குச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைத் தெரியாமல் இருக்காது. தோல் மாதிரியைக் கொண்டு போய்ப் பரிசோதிக்கும் இடம் என்று தெரியும். அங்கே உயிர்வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும் படித்த பிள்ளைகளுக்கு ஆய்வு இடம் உண்டு என்பது தெரியுமா? சென்னை சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய இடம். திருச்சியில் வாழை ஆராய்ச்சி, கோவையில் கரும்பு ஆராய்ச்சி, புதுச்சேரியில் கொசுவையும் கொசு பரப்பும் நோய்களையும் ஆராய்வது என்று சுற்றிலும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆய்வாளர் வேலை மட்டுமல்ல, ஆய்வக நுட்பனர் வேலையும் களப்பணி வேலையும் வரும். அவற்றுக்கு எம்.எஸ்ஸி.கூடத் தேவைப்படாத இடங்கள் உண்டு.

மேடைகளில் நாம் இப்னு சீனாவைப் பேசுகிறோம். இப்னு நஃபீஸைப் பேசுகிறோம். இருபது வருடமாக நானும் பேசுகிறேன், கை தட்டலும் வாங்குகிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு, நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பல நூறு வருடத்துக்கு முந்தியவர்களை விடுங்கள். நம் காலத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களைப் பாருங்கள்.

பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி, 1896-ல் பம்பாயில் பிறந்தவர். தாய் தந்தை இல்லாமல் மாமா வீட்டில் வளர்ந்தவர். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பிறகு பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. 1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியலை முறையாகக் கற்று 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்! பாருங்கள், 'தற்காலிகம்' என்பது இன்று வந்ததல்ல. அவர் என்ன செய்தார்? மனைவியோடு கிஹிம் என்ற கடலோர ஊரில் போய் உட்கார்ந்து, தூக்கணாங்குருவி எப்படிக் கூடு கட்டிக் குடும்பம் நடத்துகிறது என்று மாதக்கணக்கில் பார்த்து எழுதினார். பிறகு சமஸ்தானங்களுக்கு எழுதி, எனக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவை மட்டும் கொடுங்கள், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று கேட்டு வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். கோவை ஆனைக்கட்டியில் 1990-ல் அவர் பெயரில் அமைந்த பறவையியல் மையம், இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அங்கும் ஆய்வாளர்களை எடுக்கிறார்கள்.

அலிகரில் படித்த உபைத் சித்தீகி 1962-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பெங்களூரில் இன்று நாட்டின் முன்னணி உயிரியல் நிறுவனமாக இருக்கும் தேசிய உயிரியல் மையத்தை உருவாக்கியவரும் அவரே. அலிகரில் படித்த இன்னொருவர் கடல் உயிரியலாளர் செய்யித் ஜஹூர் காசிம். நான் சொன்னேனே, மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போன மீன்வள நிலையம், அதற்கு 1970 முதல் 1974 வரை இயக்குநர் அவர்தான். 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் முதன்முதலாக இறங்கிய இந்தியக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். இவர்களின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? அக்கா மகன் எனக்கு ஒரு கேள்வியைச் சொன்னான். ஒரு மில்லி கிருமிக் கரைசலை ஒன்பது மில்லி சுத்தமான நீரில் கலக்கிறாய். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து மறுபடியும் ஒன்பது மில்லியில் கலக்கிறாய். இப்படி ஆறு முறை. கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லி எடுத்துத் தட்டில் பரப்புகிறாய். மறுநாள் பார்த்தால் 42 புள்ளிகள் வளர்ந்திருக்கின்றன. முதல் கரைசலின் ஒரு மில்லியில் எத்தனை கிருமி? நான் தாளும் பேனாவும் கேட்டேன். கடைசிக் குழாயில் மில்லிக்கு 420, ஆறு முறை பத்துப் பத்தாகப் பெருக்கினால் 42 கோடி. சரியாகச் சொன்னேன்! 'மாமா, முதுகலை படிச்சவங்களே இதுல தடுமாறுறாங்க' என்றான். படிப்பு இல்லாததால் தடுமாறவில்லை, பதற்றத்தால் தடுமாறுகிறார்கள். எம்.எஸ்ஸி.யில் நீ செய்த ஆய்வு என்ன, அதை ஏன் செய்தாய், நீயே கையால் செய்தாயா என்று கேட்பார்கள். காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கிய ஆய்வேடாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். இந்தப் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளே, அந்த ஒரு ஆய்வையாவது நீங்களே செய்யுங்கள்.

அடுத்தது சான்றிதழ். நன்றாகக் கவனியுங்கள், இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். நம்மிடம் இருப்பது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற மாநில அரசின் சான்றிதழ். 2007-ஆம் ஆண்டு கிடைத்த மூன்றரை சதவீத இட ஒதுக்கீடு மாநிலத்துக்குள் செல்லும். மத்திய அரசின் தேர்வுக்கு அது செல்லாது! மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கிறோம். மற்றவர்கள் தங்கள் சான்றிதழில் உள்ள பிரிவுப் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு 2017 முதல் எட்டு லட்சம். அதில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பது விதி. இது தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கிடைக்காது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. விளம்பரம் வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. இ-சேவை மையத்தில் இப்போதே மனுப் போட்டு வையுங்கள். இந்தச் சான்றிதழை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளையின் கல்யாணம் என்ன ஆவது என்று தாய்மார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2022-ஆம் ஆண்டு வந்த யு.ஜி.சி. விதிகளின்படி பி.எச்டி. படிக்கும் பெண்ணுக்கு மகப்பேறுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் 240 நாள் வரை விடுப்பு கொடுக்கலாம். படிப்பை முடிப்பதற்கான கால வரம்பிலும் பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாக உண்டு. ஆகவே கல்யாணமும் ஆய்வும் ஒன்றையொன்று வெட்டும் கத்திகள் அல்ல. மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நகை எத்தனை பவுன் என்று பேசத் தெரிந்த நமக்கு, பிள்ளை ஆய்வு முடிக்கும்வரை தடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை பேசத் தெரியாதா? தூரம் பற்றிய பயம் எனக்கும் உண்டு, நானும் பெண் பிள்ளையைப் பெற்றவன். விடுதி உண்டா என்று கேளுங்கள். ஒரு முறை அத்தாவோ அண்ணனோ கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பார்க்காமலே முடிவு செய்யாதீர்கள். நான் செய்தது போல.

இதை நான் தேன் தடவிச் சொல்லவில்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகை சில நேரம் இரண்டு மூன்று மாதம் தாமதமாகும். வழிகாட்டும் பேராசிரியர் நல்லவராக அமைவது பெரிய அதிர்ஷ்டம். அமையாவிட்டால் ஐந்து வருடம் ஏழாகும். பி.எச்டி. முடித்தவர்கள் எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைப்பதில்லை. மேலே போகப்போகப் பதவிகள் குறைவு, நிற்பவர்கள் அதிகம். உயிர் அறிவியலில் போட்டி கடுமை. ஆனால் அந்த வருடங்களில் கற்ற கைத்தொழில் தடுப்பூசி நிறுவனத்திலும், மருத்துவமனை ஆய்வகத்திலும், விதை நிறுவனத்திலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் விலைபோகும். சும்மா இருக்கும் வருடங்கள் எங்கும் விலைபோகாது.

இன்னொரு எச்சரிக்கை. ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை வாங்கித் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விசா ஏஜெண்டுகளிடம் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைத்து முன்பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது போலி. தேர்வுக் கட்டணம் உண்டென்றால் அது விளம்பரத்திலேயே இருக்கும், அந்த இணையதளத்திலேயே கட்டச் சொல்வார்கள்.

கூட்டத்துக்கு முந்திய வாரம் அந்தத் துணிக்கடை பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று நான் சொன்னது தவறு என்று சொல்லத்தான் போனேன். வார்த்தை வரச் சிரமமாக இருந்தது. அவர், "அல்லாஹ் நாடினது அவ்வளவுதான் ஹஜ்ரத், விடுங்க" என்றார். அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பரவாயில்லை ஹஜ்ரத். என் தங்கச்சி இப்ப பி.எஸ்ஸி. மூணாவது வருஷம்" என்று மட்டும் சொன்னது.

தங்கைக்காக முதல் வேலையைத் தொடங்கியாகிவிட்டது. நாட்டின் அறிவியல் கழகங்கள் சேர்ந்து, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் பழகுவதற்குக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கின்றன. இளங்கலைப் பிள்ளைகளும் போடலாம். அதற்கான விவரத்தை அக்கா மகன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அக்காவின் நெட் விண்ணப்பத்துக்கும் வயது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய நூலக அறையில் இன்ஷா அல்லாஹ் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் மக்ரிபுக்குப் பிறகு ஒரு கணினியோடு இரண்டு இளைஞர்கள் உட்காருவார்கள். அந்த வாரம் வந்த விளம்பரங்களை அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவார்கள். விண்ணப்பமும் அங்கேயே போடலாம். பெண்களுக்கு மாடியில் தனி இடம், அங்கே கல்லூரி ஆசிரியை ஒருவர் இருப்பார். உங்கள் ஊரிலும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்டு இப்படி ஓர் அறையைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கணினியும் ஒரு பலகையும் போதும். வரும்போது மதிப்பெண் பட்டியல், சமூகச் சான்றிதழ், இரண்டு புகைப்படம் எடுத்து வரவேண்டும். பீரோ சாவி உம்மாவிடம் இருக்கும்.